கையால் அள்ளிய நிக்கல்

சென்ற மாதம் எங்கள் பழைய தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இருக்கும் நிவேதா எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். சாக்கிலிருந்து கறுப்பு மணிகளைப் பிளாஸ்டிக் குவளையால் அள்ளித் தராசில் கொட்டுகிறாள். எடை கூடிவிட்டது போலிருக்கிறது, இரண்டு மணியைப் பொறுக்கிச் சாக்கிலேயே திரும்பப் போடுகிறாள். கீழே ஒரு கேள்வி: “மேடம், முன்னாடியெல்லாம் இது டப்பாவுல பொடியா வருமாமே, எண்ணெய்க்குள்ள முக்கித்தான் திறக்கணுமாமே? நிஜமா, இல்ல எங்களப் பயமுறுத்துறாங்களா?”

நிஜம்தான் நிவேதா. வாட்ஸப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன். விரல் ஓய்ந்துபோய்த் தாளை எடுத்துக்கொண்டேன்.

என் ஊர் திருப்பனந்தாள் பக்கம். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்தார்கள். கும்பகோணத்தில் பி.எஸ்சி. வேதியியல். முடித்த வருஷமே, தஞ்சாவூர் போகிற சாலையில் வாய்க்கால் ஓரமாக இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கண்ணாடிச் சாமான் கழுவினேன். அப்புறம் எண்ணெயின் உறைநிலை பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஐந்தாவது வருஷம் ஒரு ஷிப்டுக்கு நானே பொறுப்பு. என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

அங்கே என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெல்லை அரிசியாக்கும்போது தவிடு கிடைக்கிறது, தவிட்டிலிருந்து எண்ணெய். அந்த எண்ணெயைப் பெரிய இரும்புக் கலனில் சூடாக்கி, அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது கெட்டியாகும். சோப்புக் கம்பெனிகளுக்கு அந்தக் கெட்டி எண்ணெய் வேண்டும். ஆனால் எண்ணெயும் ஹைட்ரஜனும் தாமாகச் சேராது. இடையில் நிக்கல் உலோகத்தின் மிக நுண்ணிய பொடி இருக்கவேண்டும். அதுதான் வினையூக்கி, எங்கள் பேச்சில் கேட்டலிஸ்ட்.

அந்தப் பொடி கண்மையைவிட மென்மையாக இருக்கும். காற்று பட்டால் போதும், தானாகவே கனன்று சிவக்கும். நெருப்பே வேண்டாம். பொடியின் ஒவ்வொரு துகளும் ஆக்ஸிஜனுக்காகப் பசித்துக் கிடக்கும். அதனால் நைட்ரஜன் வாயு நிரப்பிய தகர டப்பாவில் அடைத்து அனுப்புவார்கள். பக்கத்திலேயே ஹைட்ரஜன் குழாய்கள் ஓடுகிற மேடையில் வைத்து நாங்கள் அதைத் திறக்கவேண்டும்.

திறக்கிற முறை இது. ஒரு சின்னத் தொட்டியில் எண்ணெயைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவரவேண்டும். எண்ணெயின் மேல்பரப்பில் நைட்ரஜன் குழாயைத் திறந்துவிடவேண்டும். டப்பாவை முழுக்க மூழ்கடித்து, உள்ளேயே நீண்ட குறடால் மூடியைக் கிழிக்கவேண்டும். மெதுவாகச் சாய்த்தால் பொடி கறுப்புப் புகைபோல் எண்ணெயில் இறங்கும். டப்பாவை மூன்று முறை உள்ளேயே அலசவேண்டும். காலி டப்பாவை வெளியே எடுத்த கையோடு தண்ணீர்ப் பீப்பாயில் போட்டுவிடவேண்டும், ஏனென்றால் காலியில்கூட ஒட்டிய பொடி இருக்கும். ஒரு ஷிப்டுக்கு இரண்டு டப்பா, ஒரு நாளைக்கு ஆறு.

இந்த முறையைக் காத்தவர் எங்கள் உற்பத்தி மேலாளர் வைத்தியநாதன் சார். மெலிந்த மனிதர். தினமும் வெள்ளைச் சட்டை. அந்தக் கறுப்பு மேடையில் நாள் முழுக்க நடந்தாலும் அதில் ஒரு புள்ளி விழாது. கூட்டுகிற அம்மாவிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் ஒரே ‘ங்க’தான். “ஜாக்கிரதை” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “ஜாக்கிரதைன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாதுங்க” என்பார். அதற்குப் பதிலாகத் திடீரென்று ஒருவர் எதிரில் வந்து நிற்பார்.

“டப்பா திறக்கிறதச் சொல்லுங்க. கடைசியிலேர்ந்து.”

முதலிலிருந்து எல்லோருக்கும் தெரியும், மனப்பாடம். கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லவேண்டுமென்றால் ஒவ்வொரு படியும் எதற்காக இருக்கிறது என்று புரிந்திருக்கவேண்டும். நடுவில் தடுமாறினால் திட்டமாட்டார், விட்டுக்கொடுக்கவும் மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருப்பார். சென்னையிலிருந்து புதிதாக வந்த இன்ஜினீயர் ஒருவர் அலசுகிற படியை விட்டுவிட்டார். அது அவர் நினைவுக்கு வரும்வரை முக்கால் மணி நேரம் சார் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், இருவரும் அப்படியேதான் இருந்தார்கள். இன்ஜினீயரின் சட்டை மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது.

டப்பா திறப்பதில் எங்களிடம் கைதேர்ந்தவர் ஆசீர்வாதம் அண்ணன். தரங்கம்பாடிக்காரர், கலன் இயக்குபவர். உயரமும் பருமனுமான உடம்பு, ஆனால் விரல்கள் பூத்தொடுக்கிறவருடையவைபோல் வேலை செய்யும். ஒரு சிட்டிகைப் பொடியைக்கூட அவர் வீணாக்கியதில்லை.

ஒரு தை மாதம், மத்தியானம். அறுப்புக்காலம் என்பதால் தவிட்டு லாரிகள் வரிசையில் நின்றன. சோதனைக்குக் கொஞ்சம் எண்ணெய் எடுக்க நான் மேடைக்கு ஏறியபோது அண்ணன் டப்பாவைத் தூக்கிக்கொண்டிருந்தார். வருகிற வழியில் லாரியில் எங்கேயோ அது நசுங்கியிருக்கவேண்டும். தூக்கிய வேகத்தில் அடித்தகட்டின் இணைப்பு பிரிந்துவிட்டது. பொடி அவர் கையுறையின் மேலும் மேடையிலும் கோடாக விழுந்தது. ஒரு நொடி அது வெறும் கறுப்புக் கோடு. அடுத்த நொடி அதன் ஒரு முனை சிவந்தது. அந்தச் சிவப்பு கோட்டின் மேலேயே ஓடியது, சத்தமே இல்லாமல்.

அண்ணன் டப்பாவை வீசி எறிந்திருக்கலாம். யாராக இருந்தாலும் எறிந்திருப்பார்கள். அவர் கையில் நெருப்போடு இரண்டடி முன்னே போய், டப்பாவை எண்ணெய்க்குள் அழுத்தி, அது மூழ்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கையை உதறினார். துடைக்க வைத்திருந்த பஞ்சுக் கழிவு பற்றிக்கொண்டது. நான் மணல் வாளியைக் கவிழ்த்தேன். இரண்டாவது வாளியை அண்ணன் கையின்மேலேயே கொட்டினேன். கீழே யாரோ ஹைட்ரஜன் வால்வை மூடினார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட இருக்காது.

முன்கையில் உள்ளங்கை அளவு காயம். ஒரு மாதத்தில் ஆறியது. அண்ணனும் வேலைக்குத் திரும்பினார், எல்லோரும் கைகுலுக்கினார்கள், முதலாளி கூப்பிட்டுப் பாராட்டினார்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அண்ணன் ஷிப்டில் சோதனைக்கான முதல் எண்ணெய் ஆய்வகத்துக்கு வர அரைமணி தாமதமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் காரணம் தெரிந்துகொள்ள மேடைக்குப் போனேன். டப்பா முன்னால் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பக்கம் போன ஒருவரைக் கூப்பிட்டு, “தம்பி, கை வலிக்குது, இத நீ பண்ணிடேன்” என்றார்.

அவர் தனியாக இருந்தபோது கேட்டேன். “கை இன்னும் வலிக்குதாண்ணே?”

“கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு தமிழு.” சுற்றிப் பார்த்துக்கொண்டார். “அத தூக்குனா காது அடைச்சுப்போவுது. கை நடுங்குது. நடுங்குற கையால அத எப்படித் திறக்குறது? யார்ட்டயும் சொல்லிடாத.”

நான் சொல்லவில்லை. ஆனால் வைத்தியநாதன் சாருக்குத் தெரியாமல் அந்தத் தொழிற்சாலையில் எதுவும் நடக்காது. இரண்டு வாரம் கழித்து என்னை அழைத்தார். வருஷாந்திரப் பராமரிப்புக்காக வைகாசியில் தொழிற்சாலையை மூடுவோம். திறக்கும்போது புதிய ஷிப்டு பட்டியல் போடுவார்கள். அதில் ஆசீர்வாதம் அண்ணனின் பெயர் வாசல் காவலில் இருக்கும் என்றார்.

“சார், அவரவிட நல்லா அந்தக் கலனைத் தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல.”

“தெரியுங்க. ஆனா பயப்படுறவரை அங்க நிறுத்துனா அவருக்கும் ஆபத்து, மத்தவங்களுக்கும் ஆபத்து. இதுல எனக்கு மட்டும் சந்தோஷமா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். “ஆள மாத்துறதுக்குப் பதிலா டப்பாவ மாத்தலாமே சார்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எப்படின்னு சொல்லுங்க.”

எனக்கு எப்படி என்று தெரியாது. ஆனால் அவர் காத்திருந்தார், அந்தக் காத்திருப்பின் கஷ்டத்தில் ஒன்று தோன்றியது. பொடி எண்ணெய்க்குள் போய்விட்டால் சாதுவாகிவிடுகிறது, காற்று அதைத் தொட முடிவதில்லை. எண்ணெய் திரவமாக இருப்பதால்தானே டப்பாவும் தொட்டியும் வேண்டியிருக்கிறது? நாங்கள் செய்வதே எண்ணெயைக் கெட்டியாக்குகிற வேலை. பொடியைக் கெட்டி எண்ணெய்க்குள் வைத்து உறையவிட்டால்? ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு கொழுப்புச் சட்டை. கலனுக்குள் போனதும் சூட்டில் சட்டை உருகிவிடும், பொடி வெளியே வந்து வேலையைச் செய்யும்.

“அப்பவும் டப்பாவ யாராவது திறக்கணுமேங்க” என்றார்.

“மாசத்துல ஒரு நாள், தனிக் கொட்டகையில, ஹைட்ரஜனே இல்லாத இடத்துல திறந்தாப் போதும் சார். தினம் ஆறு தடவை மேடையில வேணாம்.”

யோசித்தார். “வைகாசி வரைக்கும் பாருங்க. திறக்கிறத நான் திறக்கிறேன்.”

மெழுகுவத்தி செய்வதற்காக வாங்கி, செய்யாமலே கிடந்த ஒரு கொப்பரை பின்கொட்டகையில் இருந்தது. இரட்டைச் சுவர், நடுவில் நீராவி ஓடும். அதில் கெட்டி எண்ணெயை உருக்கினோம். மூடியின் துளை வழியாக நைட்ரஜன். வைத்தியநாதன் சார் சட்டைக் கையை மடித்துவிட்டு, அவரே குறடைப் பிடித்து டப்பாவை உள்ளே மூழ்கடித்துத் திறந்தார். அன்றுதான் அவர் வெள்ளைச் சட்டையில் முதல்முறையாகக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. கழுத்துப் பட்டையில்கூட. அவர் போன பிறகு ஆசீர்வாதம் அண்ணனும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆமாம், அண்ணன் ஷிப்டு முடிந்ததும் அங்கே வந்துவிடுவார். டப்பாவைத் தொடமாட்டார். கலக்குவார், தட்டுக் கழுவுவார், நீராவி பார்த்துக்கொள்வார்.

முதல் முயற்சியில் சாதாரணக் கெட்டி எண்ணெயை எடுத்தேன். பங்குனி வெயிலுக்கே அது வியர்த்து வழிந்துவிட்டது. அப்புறம் இனி ஹைட்ரஜனே ஏறாது என்கிற அளவுக்கு முழுக்கக் கெட்டியாக்கிய எண்ணெயைத் தயாரித்துக்கொண்டோம். எந்த வெயிலிலும் உருகாது, பீங்கான்போல் இருக்கும். இரண்டாவது முயற்சியில் அதைத் தட்டில் ஊற்றி உறையவைத்து, கடலைமிட்டாய்போல் உடைத்துச் சாக்கில் போட்டோம். எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் மத்தியானம் கொட்டகைக்குள் நுழைந்தால், தோசைக்கல்லில் எண்ணெய் கருகுகிற வாசனை. சாக்கைத் தொட்டேன். சுட்டது. அப்படியே இழுத்துக்கொண்டுபோய் மணலில் புதைத்தோம்.

உடைத்த இடமெல்லாம் தூள் உதிர்ந்திருந்தது; அந்த உடைந்த விளிம்பில் பொடி வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. வைத்தியநாதன் சார் வந்து பார்த்தார். “நல்லதுங்க. எங்க தப்புன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார். எனக்கு அது நல்லதாகத் தெரியவில்லை. உடைக்காமல் எப்படித் துண்டு போடுவது? சித்திரை பிறந்துவிட்டது. அண்ணன் எதிரில் வந்தால் நான் வேறு பக்கம் பார்த்து நடந்தேன்.

ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்த அன்று நேராக ஆய்வகத்துக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை வெள்ளையாக மெழுகுச் சொட்டுகள்.

“கோயில் தரையெல்லாம் இதுதான். கையில மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டு நிப்பாங்கல்ல, சொட்டிடும். வருஷா வருஷம் நான்தான் சுரண்டுறது. பாரு தமிழு.” ஒரு சொட்டை நகத்தால் தட்டினார், அழுத்தினார், மேஜையில் போட்டுத் தட்டினார். “ஒடையுதா? பாளம் ஒடையும், சொட்டு ஒடையாது. இதுக்கு விளிம்பே இல்ல.”

நான் அந்தச் சொட்டை வாங்கிப் பார்த்தேன். முழுக்கத் தோல். வழவழவென்று ஒரே தோல். “அண்ணே!” என்று கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தார்.

மறுநாள் எங்கள் ஊரில் கல்யாணச் சமையல் செய்பவரிடம் பூந்திக் கரண்டியை இரவல் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். பூந்திக்குத்தான் என்றேன். ஒரு எவர்சில்வர் தகட்டைப் போட்டு, அதன் அடியில் போர்வெல் தண்ணீர் ஓட வழி செய்தோம். அண்ணன் கறுப்புக் கொழுப்பை மொண்டு கரண்டியில் ஊற்றினார். நான் கரண்டியைத் தட்டினேன். தகட்டின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து, விழுந்த இடத்திலேயே பளபளப்பு மங்கி உறைந்தது. அரை நிமிஷத்தில் விரலால் ஒதுக்கினால் பட்டாணிபோல் உருண்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு தவலை நிறையச் செய்துவிட்டோம். இருவர் மூக்கிலும் கறுப்பு.

சாருக்கு அது போதாது. ஒரு தட்டில் சொட்டுகள், பக்கத்தில் இன்னொரு தட்டில் அதே அளவு மணல், இரண்டையும் அக்னி நட்சத்திர வெயிலில் திறந்து வைக்கச் சொன்னார். இரண்டிலும் வெப்பமானி செருகி ஏழு நாள், மணிக்கு ஒருமுறை நான் குறித்தேன். மணல் எவ்வளவு சுட்டதோ அவ்வளவுதான் சொட்டும் சுட்டது, அதற்குமேல் ஒரு டிகிரி இல்லை.

தொழிற்சாலையை மூட நான்கு நாள் இருக்கும்போது, கலனில் போட்டுப் பார்க்க அனுமதி தந்தார். மேடையில் ஆசீர்வாதம் அண்ணன், பக்கத்தில் சாக்கு. சார் எதிரில் வந்து நின்றார்.

“கடைசியிலேர்ந்து சொல்லுங்க ஆசீர்வாதம்.”

“கொட்டணும் சார்.”

“அதுக்கு முன்னாடி?”

“நிறுக்கணும்.”

“அதுக்கு முன்னாடி?”

அண்ணன் யோசித்தார். “சாக்கப் பிரிக்கணும். அவ்ளோதான் சார்.”

சார் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். கேட்க எதுவும் இல்லாததால் மூடிக்கொண்டார். அப்புறம் சிரித்தார், சின்னப் பிள்ளைபோலச் சத்தமாகச் சிரித்தார்.

அண்ணன் குனிந்து அள்ளினார். கை நடுங்குகிறதா என்று நான் பார்த்தேன். இல்லை. தொட்டியில் கொட்டியதும் கறுப்பு மணிகள் மூழ்கி, மங்கி, கரைந்து போயின. அதைக் கலனுக்குள் ஏற்றி ஹைட்ரஜனைத் திறந்தார்கள்.

இனி அழுத்தமானியின் முள்தான் எல்லாம். எண்ணெய் ஹைட்ரஜனைக் குடிக்க ஆரம்பித்தால் முள் இறங்கும். வழக்கமாகக் கால் மணியில் இறங்கிவிடும். கால் மணி ஆயிற்று. முள் அசையவில்லை. இருபது நிமிஷம். கொழுப்புச் சட்டை பொடியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா? கலக்கும்போது காற்று புகுந்து பொடி செத்துப்போய்விட்டதா? அண்ணன் கலன் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அரை மணி.

“பொறு” என்றார் அண்ணன். “உள்ள சத்தம் மாறுது.”

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் முள் நடுங்கியது, ஒரு கோடு இறங்கியது, அப்புறம் மளமளவென்று இறங்கியது. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். மாதிரியைக் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். கண்ணாடியில் விட்ட சொட்டு வெளுத்து, நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் உறைந்தது. தொடக்கம்தான் தாமதம், முடிவில் வழக்கமான சரக்கைவிடச் சுத்தமாகவே வந்தது.

புதிய பட்டியலில் அண்ணன் பெயர் கலன் பக்கத்திலேயே இருந்தது. சோதனை அறிக்கையில் சார் முதலில் அவர் பெயரையும் அடுத்து என் பெயரையும் எழுதி, தன் பெயரைச் சேர்க்காமலே கையெழுத்துப் போட்டார். சில மாதங்களில் பொடி அனுப்புகிறவர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். அப்புறம் அவர்களே அங்கேயே சொட்டாக்கிச் சாக்கில் அனுப்ப ஆரம்பித்தார்கள். நாங்கள் திறக்கவேண்டிய டப்பா அதோடு இல்லாமல் போயிற்று.

அதற்கு முன்பு, அந்த வருஷ ஆடியிலேயே, பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் எண்ணெயைக் கெட்டியாக்குகிற ஒரு சின்னத் தொழிற்சாலையிலிருந்து, கொஞ்சம் கொண்டுவந்து செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் ஜீப் ரிப்பேர். “பஸ்ஸிலயே போயிடறோம் சார்” என்றார் ஆசீர்வாதம் அண்ணன். இன்று அதற்கு அனுமதிக்கமாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. அன்று சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

தஞ்சாவூரில் பஸ் ஏறினோம். மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஜன்னலோரம் நான், நடுவில் அண்ணன், அந்தப் பக்கம் வெற்றிலைக் கட்டோடு ஒரு அம்மா. மேட்டூர்த் தண்ணீர் வந்து, வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் மடியில் ஐந்து கிலோ நிக்கல், துணிப்பையில். ஒரத்தநாடு தாண்டுவதற்குள் அந்த அம்மா பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

“என்னாப்பா அது, எள்ளுருண்டையா?”

வெளியே பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பினேன். ஆசீர்வாதம் அண்ணன் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் சாய்த்து, வாயைப் பிளந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“எள்ளுருண்டை இல்லம்மா” என்றேன் மெதுவாக. “அவரு தூங்கட்டும்.”